இடுப்பளவு திறந்த கதவு

எங்கள் ஊரில் ஒருத்தி தூரத்தில் வந்தால் முகம் தெரிவதற்கு முன்பே யார் என்று சொல்லிவிடுவோம். நீலக் கம்பளியில் தைத்த எங்கள் காக்தி அங்கியின் கீழ்க்கரையில் சிவப்பும் பச்சையும் பொன்னிறமுமாக நாடா வரிசைகள் ஓடும். நடக்கும்போது கரை இடமும் வலமுமாக ஆடும். தைத்தது யார், எந்த வருஷத்துப் பாணி, தைக்கும்போது அவளுக்குப் பொறுமை இருந்ததா, புருஷனோடு சண்டையா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அந்த நாடாக்களை விற்கிற கடை என்னுடையது. வடகோடிப் பனிப்பிரதேசத்தில் இருக்கிற எங்கள் கௌட்டோகேனோவில் இன்னொரு நாடாக் கடையும் இருக்கிறது. அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

நான் சொல்ல வந்தது என் பெரியம்மா மகள் ரிஸ்தெனைப் பற்றி. முழுப்பெயர் சொல்வதானால் இசாத் நீலாஸ் ரிஸ்தென். தாத்தா பெயர், அப்பா பெயர், அதன் வாலில் அவள். அந்த இரண்டு பெயர்களுக்கும் பனிமான் மந்தையில் அவ்வளவு மரியாதை. மூன்றாவது பெயருக்குத்தான் மானே தெரியாது.

உண்மையாகவே தெரியாது. கோடையில் கன்றுகளுக்குக் காது அடையாளம் வெட்டும்போது வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அடைப்புக்குள் நிற்போம். எந்தக் கன்று எந்தத் தாயின் பின்னால் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மந்தை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். புழுதியும் ரோமமும் வெயிலில் மிதக்கும். ரிஸ்தென் அந்தப் புழுதிக்கு நடுவே வாயைத் திறந்துகொண்டு நிற்பாள்.

"அந்தக் கன்னு யாருதும்மா?" என்று நீலாஸ் பெரியப்பா கேட்பார்.

"அப்பா, அங்க பாருங்களேன். அத்தையோட சால்வைக் குஞ்சத்துல வெயில் மாட்டிக்கிச்சு. அவங்க நகர்ந்தாலும் அது போகவே மாட்டேங்குது."

"நான் கன்னைக் கேட்டேன்."

"எந்தக் கன்னு?"

அவள் அண்ணன் யோவ்னா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொல்வான்: "அப்பா, நம்ம நாய்க்குக்கூட காது அடையாளம் தெரியும். அடுத்த வருஷம் கத்தியை நாய்கிட்ட குடுத்துட்டு இவளைக் குரைக்கச் சொல்லுங்க."

ரிஸ்தென் கோபப்படமாட்டாள். கோபப்படுவதற்கு முதலில் காதில் விழ வேண்டுமே. என் வாழ்க்கையில் நான் பார்த்த கனவுக்காரிகளில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கடைக்கு உப்பு வாங்கப் போனவள் ஆற்றுப் பாலத்தில் நின்று, எதிரே வருகிறவர்களின் முகத்தில் பனியின் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். உப்பு மறந்தே போயிருக்கும்.

பதினைந்து வயதில் சர்ச்சில் நடக்கும் திடப்படுத்தல் ஆராதனை முடிந்தால் உறவுக்காரர்கள் எல்லோரும் பரிசாகப் பணம் தருவார்கள். பெண் பிள்ளைகள் அதில் மார்பில் குத்திக்கொள்ளும் பெரிய வெள்ளி வட்டு வாங்குவது வழக்கம். ரிஸ்தென் கேமரா வாங்கினாள். பெரியம்மா அழுதே விட்டார். "வெள்ளி இருந்தா கல்யாணத்துக்கு ஆகும். இந்தக் கறுப்புப் பெட்டியை எங்கே குத்திக்குவே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு நானும் பெரியம்மா பக்கம்தான்.

பிறகு அவள் ஊரை விட்டுப் போனாள். முதலில் த்ரோம்ஸோவில் கடவுச்சீட்டுப் படம் எடுக்கிற கடை. அப்புறம் ஓஸ்லோவில் வீபெக்கே என்கிற ஃபேஷன் புகைப்படக்காரியிடம் உதவியாளர். நல்ல பெண்மணிதான், சம்பளம் சரியாகக் கொடுத்தாள், ரிஸ்தெனை மதித்தாள். அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் வரும்.

"இங்காக்கா, மாடல் போட்டிருக்கிற கோட்டு முன்னாடி பார்த்தா அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. பின்னாடி போய்ப் பார்த்தா துணி காயப்போடுற கிளிப்பு! கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும் வரிசையா கிளிப்பு!"

"எதுக்குடி?"

"இழுத்துப் பிடிக்கத்தான். முன்பக்கம்தானே படத்துல வரும். அக்கா, இந்த ஊர்ல யாருக்கும் முதுகே கிடையாது."

நான் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்களுக்கு முதுகுதான் எல்லாம். சர்ச்சில் நாம் பார்ப்பது முன் பெஞ்சுக்காரியின் முதுகைத்தானே? சால்வை எப்படி விழுகிறது, தோளிலிருந்து தொங்கும் ரிப்பன்கள் எத்தனை நிறம், எழுந்து நிற்கும்போது கரை எப்படி மடிந்து விரிகிறது. பிரசங்கம் நீளமாக இருக்கிற நாளில் ஒருத்தியின் முதுகை மனப்பாடமே செய்துவிடலாம். கிளிப்பு மாட்டிய முதுகோடு எங்கள் சர்ச்சுக்குள் யாராவது வந்தால் பாதிரியார் பாடு கஷ்டம்தான்.

ஓஸ்லோவில் அவள் தொழில் கற்றுக்கொண்டாள், ஆனால் படம் கிடைக்கவில்லை என்று சொன்னாள். எனக்கு அது புரியவில்லை. பத்திரிகைகளில் அவள் எடுத்த படங்களே வந்துகொண்டிருந்தன. "அது நான் எடுத்தது. எனக்குக் கிடைச்சது இல்ல," என்றாள். கனவுக்காரிகளோடு வாக்குவாதம் செய்வதில் பிரயோஜனமில்லை. நான் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு குளிர்காலத்தில் யோவ்னா பனி ஸ்கூட்டரைப் பாறையில் மோதிக் காலை உடைத்துக்கொண்டான். அண்ணி சுன்னாவுக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று ரிஸ்தென் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தாள். நீண்ட இருட்டு மாதங்கள் முடிந்து வெயில் திரும்பி வந்து மலைமேடெல்லாம் வெள்ளையாகப் பற்றி எரிகிற மாதம் அது. வீட்டை ஒட்டி யோவ்னாவின் ஸ்கூட்டர் கொட்டகை. மேலே தூக்குகிற பெரிய தகரக் கதவு அதற்கு. அந்தக் கதவின் சங்கிலி எதிலோ சிக்கி, இடுப்பளவு தூக்கியதோடு நின்றுவிட்டது. அதற்கு மேலும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. காலில் கட்டோடு யோவ்னா உள்ளே உட்கார்ந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தான். ரிஸ்தென் திருகாணிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுன்னா காப்பி ஃப்ளாஸ்க்கோடு குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தாள்.

நானும் அங்கே இருந்தேன், யோவ்னாவை நலம் விசாரிக்கப் போனவள். அதனால் இதைக் கேள்விப்பட்டதாகச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்ததாகவே சொல்கிறேன். வெளியே பனியில் விழுந்த வெயில் கதவுக்கு அடியில் புகுந்து, தரையோடு தவழ்ந்து வந்து, சுன்னாவின் மேல் கீழிருந்து ஏறியது. முதலில் காலணியின் வளைந்த மூக்கு, அப்புறம் அவள் தினசரி காக்தியின் நைந்துபோன கரை, அப்புறம் பெல்ட்டு, வெள்ளி, தாடை, கடைசியில் கண். மேல் பாதிக் கொட்டகை இருட்டு. அந்த இருட்டின் முன்னால் சுன்னா மிதக்கிற மாதிரி நின்றாள். மூன்று பிள்ளை பெற்று, இரண்டு நாளாகத் தலை வாராத சுன்னா.

"அண்ணி, நகராதீங்க," என்றாள் ரிஸ்தென். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. வீட்டுக்குள் ஓடிக் கேமராவைக் கொண்டுவந்தாள்.

"காப்பி ஆறுது," என்றாள் சுன்னா.

"ஆறட்டும். திரும்பி நில்லுங்க. முதுகு முதல்ல."

முதுகை எடுத்தாள். சுற்றி வந்து பக்கவாட்டில் எடுத்தாள். யாரோ முதுகைப் படம் எடுக்கிறார்கள் என்றால் முகத்துக்கு வேலை இல்லை பாருங்கள், அது பாட்டுக்கு இளகிவிடும். சுன்னா தன் பாட்டில் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்போது, "இப்ப திரும்புங்க" என்றாள் ரிஸ்தென். திரும்பிய முகத்தில் கேமராவுக்கான முகம் இல்லை. சுன்னாவே இருந்தாள்.

கேமராவின் சின்னத் திரையில் யோவ்னா அந்தப் படத்தைப் பார்த்தான். பிறகு, "சுன்னா, நீ இவ்வளவு அழகுன்னா வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான். சுன்னா அவன் காலில் கட்டு இருப்பதைக்கூடப் பார்க்காமல் ஒரு உதை விட்டாள்.

ரிஸ்தென் கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ஓஸ்லோவுல வெளிச்சம் மேலேருந்து ஆள் மேல விழும். இங்க கீழேருந்து எழுந்து வந்து ஆளைப் பார்க்குது," என்றாள். கண் கலங்கியிருந்தது. "இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்னு எனக்கே தெரியாதுக்கா." ஒரு மனுஷிக்கு அவளுடைய வேலை கிடைக்கிற நேரத்தை அத்தனை பக்கத்தில் இருந்து பார்ப்பது எல்லோருக்கும் வாய்க்காது. கதவை ரிப்பேர் செய்ய வேண்டாம் என்று அன்றைக்கே யோவ்னாவிடம் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் படம் எடுத்துக்கொள்ள ஊர் வர ஆரம்பித்தது. சுன்னாவின் தங்கை வந்தாள், தங்கையின் நாத்தனார் வந்தாள், மந்தைக்காரப் பையன்கள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வெட்கத்தோடு வந்தார்கள். எல்லோரும் அந்தக் கதவில் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். குனிந்து நிமிர்வதற்குள் வெளியிலிருந்த அவசரம் முகத்திலிருந்து உதிர்ந்துவிடும். உள்ளே அரை இருட்டு, மண்ணெண்ணெய் வாசம், தரையில் வெள்ளையாக ஒரு பட்டை வெளிச்சம். ரிஸ்தென் பேசவே மாட்டாள். அங்கே போய்விட்டு வந்தவர்கள் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது என்று சொல்வார்கள்.

ஆனால் வீபெக்கேயிடமிருந்து போன் வந்தது. நிரந்தர வேலை, சொந்தமாகப் படம் எடுக்கலாம், ஈஸ்டர் முடிந்ததும் பதில் சொல் என்று. ரிஸ்தென் என்னிடம் ஒளிக்கவில்லை. "எனக்கு இங்கேயே இருக்கணும்க்கா. இந்த ஈஸ்டர்ல ஊரு என்னை ஏத்துக்கிட்டா இருப்பேன். இல்லேன்னா போயிடுவேன், திரும்ப வரமாட்டேன்."

ஈஸ்டர்தான் எங்களுக்குப் பரீட்சை. மந்தைகள் கோடை மேய்ச்சலுக்காகக் கடற்கரைக்குக் கிளம்புவதற்கு முன் எல்லோரும் ஊரில் இருக்கிற ஒரே சமயம். கல்யாணங்கள் எல்லாம் அப்போதுதான். ஆளாளுக்குப் புது காக்தி தைத்து, புதுசாக ஒரு கரை கண்டுபிடித்து, அந்த நாள் வரை பொத்திப் பொத்தி வைப்பார்கள். ஜன்னலுக்குத் திரை, கதவுக்குத் தாழ். ஒருத்தியின் கரையை இன்னொருத்திக்குச் சொன்னவள் ஊரில் தலைகாட்ட முடியாது. என் கடையில் ரிப்பன் வாங்குகிறவர்கள்கூடத் தேவையில்லாத இரண்டு நிறத்தைச் சேர்த்து வாங்கிப் போவார்கள், நான் ஊகித்துவிடக் கூடாதாம். நான் எப்படியும் ஊகித்துவிடுவேன். வாயைத் திறக்கமாட்டேன். திறந்தால் கடை மூடிவிடும்.

அந்த வருஷம் பெரிய கல்யாணம் ராவ்னாவுடையது. பெண்ணின் அம்மா மாரெத், ரிஸ்தெனுக்குப் பெரியம்மா முறை. மாப்பிள்ளையின் அம்மா காரென், அத்தை முறை. இரண்டு பேரும் தையலில் புலி. பள்ளி விடுதியில் ஒரே கட்டிலில் படுத்த தோழிகள், அதற்கப்புறம் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் யார் கரை பேசப்படுகிறது என்பதில் முட்டிக்கொண்டு, ஒரே பெஞ்சில் உட்காராமல் ஆகிப்போனார்கள். இப்போது பிள்ளைகள் காதலித்துத் தொலைத்ததில் சம்பந்திகள். கல்யாணத்தன்று நிற்க நேரமிருக்காது என்பதால், இருவருமே முன்கூட்டியே புது உடையில் படம் எடுத்துக்கொள்ள ரிஸ்தெனிடம் வந்தார்கள். தனித்தனியாக, வேறு வேறு நாளில், தலை முதல் கால் வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு. அவளிடம் ஏன் நம்பிக் காட்டினார்கள் என்றால், "அவளா? அவ என்னைக்கு எதைக் கவனிச்சா?" என்பதுதான் ஊர் அபிப்பிராயம்.

இரண்டாவது ஆளையும் படம் எடுத்த மறுநாள் ரிஸ்தென் என் கடைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நூல்கண்டுகளைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்த வருஷம் பச்சை ரிப்பன் நிறைய போச்சா?"

"போற அளவு போச்சு."

"பொன்னிறத்துல வளைஞ்சு வளைஞ்சு வர்ற நாடா?"

"அதுவும்." நான் அளவுகோலைக் கீழே வைத்தேன். "ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"நானும் சும்மாதான் சொன்னேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மாரெத்தும் காரெனும் ஒரே வாரத்தில் ஒரே ரிப்பன்களை ஒரே அளவில் என்னிடம் வாங்கியிருந்தார்கள். அளந்து வெட்டும்போதே அது என் கண்ணில் பட்டது. ஆனால் ரிப்பன் ஒன்றாக இருந்தால் கரையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரிஸ்தெனின் முகம் அந்தச் சமாதானத்தைக் கெடுத்தது. பிறகு நானே கண்ணால் பார்த்த கரை இது: கீழே அகலமாகச் சிவப்பு, அதற்கு மேல் ஒரு விரல் அகலம் நீலத்தைச் சும்மா விட்டு, அப்புறம் பச்சை, பச்சையின் நடுவே பொன்னிற அலை. எங்கள் ஊரில் யாரும் நடுவில் வெற்று நீலம் விட்டதில்லை. அதுதான் இரண்டு பேரின் புதுமையும்.

கல்யாணத்தன்று சர்ச்சு வாசலில் இரண்டு சம்பந்திகளும் ஒரே கரையோடு எதிரெதிரே வந்து நிற்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: நம் கரையைப் பார்த்த ஒரே ஆள் ரிஸ்தென், அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அதற்கு மேல் அந்தக் கொட்டகைக்குள் ஒருத்தியும் குனிந்து வரமாட்டாள். முன்கூட்டியே சொல்லலாம் என்றால், சொல்வதே காட்டிக்கொடுப்பதுதான்.

"என்னடி பண்ணப்போறே?"

அவள் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தாள். இந்த நேரத்திலும் கனவா என்று எரிச்சலாக வந்தது. பிறகு சொன்னாள்: "என் வாயால சொல்லமாட்டேன். ஆனா படம் சரியா வரல, இன்னொரு தடவை வாங்கன்னு ரெண்டு பேரையும் கூப்பிடலாம்ல? ஒரே நேரத்துக்கு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"நீயும் வாக்கா. வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை அட்டையைப் பிடிக்க ஆள் வேணும்."

அட்டை பிடிக்கப் போனேன். மாரெத் முதலில் வந்தார். போர்வையை அவிழ்த்துவிட்டு வெளிச்சப் பட்டையில் நின்றார். ராணி மாதிரி இருந்தார், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ரிஸ்தென் வழக்கம்போல முதுகை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது வெளியே பனி நொறுங்குகிற சத்தம். கதவுக்குக் கீழே காலணிகள் வந்து நின்றன. போர்வை பனியில் புரளாமல் இருக்க அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார் வந்தவர். முகம் தெரியவில்லை. கரை முழுசாகத் தெரிந்தது.

மாரெத் அதைப் பார்த்தார். குனிந்து தன் கரையைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

காரென் குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தார். "ஓ," என்றார்.

"என்ன ஓ? என் கரை உன் காலுக்கு எப்படி வந்துச்சு, அதைச் சொல்லு!"

"உன் கரையா? நாலு மாசமா ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டுத் தைச்சிருக்கேன். என் புருஷனுக்குக்கூடக் காட்டல."

"உன் புருஷனுக்குக் காட்டினாலும் தெரியவா போகுது? இங்கா! நீதானே ரிப்பன் வித்தே?"

"ரிப்பன்தான் வித்தேன் மாரெத் பெரியம்மா, மூளையைச் சேர்த்து விக்கல," என்றேன். பயத்தில் எனக்கு வாய் அதிகமாகிவிடும்.

இரண்டு பேரும் ரிஸ்தென் பக்கம் திரும்பினார்கள். அவள் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ காட்டினியா?" என்றார் காரென், மெதுவாக. கத்தியிருந்தால் தேவலை.

"இல்ல அத்தை. பெரியம்மாவோடதை உங்களுக்குக் காட்டல, உங்களோடதை அவங்களுக்குக் காட்டல. ரெண்டையும் பார்த்ததுலருந்து தூக்கமே இல்ல. இன்னைக்கு வேணும்னேதான் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன்."

"வேணும்னேவா! ஓஸ்லோவுல கத்துக்கிட்டது இதுதானா?"

"சர்ச்சு வாசல்ல பார்த்திருந்தா என்ன ஆயிருக்கும் பெரியம்மா? ராவ்னா முகத்தை யாராவது பார்ப்பாங்களா? ஊரே உங்க ரெண்டு பேர் காலைத்தான் பார்க்கும். சண்டை போடணும்னா இங்க போடுங்க. என் மேல கோபம்னா நான் கிளம்பிடறேன், டிக்கெட் வாங்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. அவ கல்யாணம் கெடக்கூடாது." குரல் உடைந்துவிட்டது.

மாரெத் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். "அப்போ நீ எங்கேருந்து எடுத்தே?" என்று காரெனைக் கேட்டார்.

"நீ எங்கேருந்து எடுத்தே?"

இரண்டு பேரும் ஒருவர் கரையை ஒருவர் முறைத்துப் பார்த்தார்கள். எனக்கு அது தாங்கவில்லை. எங்களுக்கு எதுவும் தாங்கவில்லை என்றால் காப்பி போடுவோம். மூலையிலிருந்த அடுப்பைப் பற்றவைத்தேன், கெட்டிலில் தண்ணீர் ஊற்றினேன், புதுக் காப்பிப் பாக்கெட்டைக் கத்தரித்து வேலை மேசையின் மேல் வைத்தேன். ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற அதே காப்பிதான். காப்பியில் போடுகிற பாலாடைக்கட்டியைத் துண்டு போட்டுக்கொண்டு திரும்பினால், மாரெத் அந்தப் பாக்கெட்டையே பார்க்கிறார். காரெனும் அதையே பார்க்கிறார். இருவர் கழுத்தும் சிவந்து, சிவப்பு கன்னத்துக்கு ஏறுகிறது.

நானும் பார்த்தேன். போன இலையுதிர் காலத்தில் அந்தக் கம்பெனிக்காரன் பாக்கெட்டின் ஓரத்தைப் புதுசாக மாற்றியிருந்தான். கீழே அகலமாகச் சிவப்பு. அதற்கு மேல் வெற்று நீலம் ஒரு விரல். அப்புறம் பச்சை. நடுவே பொன்னிற அலை. நாலு மாதமாகத் தினம் அதிலிருந்து காப்பி போட்டுக் குடிக்கிறேன், என் கண்ணில் படவே இல்லை.

கேமரா 'க்ளிக்' என்றது. எனக்கு முன்பே அவர்கள் முகத்தில் அதைப் படித்துவிட்டாள் ரிஸ்தென்.

மாரெத்தின் தோள்தான் முதலில் குலுங்கியது. அப்புறம் காரென். வெள்ளி வட்டுகள் கலகலவென்று ஒலிக்க, இரண்டு கிழவிகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். விடுதிக் கட்டிலில் இப்படித்தான் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெளிய சொன்னே, கொன்னுடுவேன்," என்றார் மாரெத்.

"நான் எதுக்குச் சொல்றேன்? என் மானமும்தானே போகும். காப்பிப் பாக்கெட்டைப் பார்த்துக் கரை தைச்சாங்கன்னு மந்தை மானெல்லாம் சிரிக்கும்."

"சரி, நீ பிரிச்சுத் தைச்சிடு."

"நான் எதுக்கு? நீ பிரி."

"மாட்டேன்."

"அப்ப நானும் மாட்டேன்."

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. காரென் எழுந்து தன் கரையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மாரெத்தையும் கைபிடித்து எழுப்பி வெளிச்சப் பட்டையில் நின்றார். "ஒண்ணாவே நடந்துடுவோம்," என்றார். "பேசி வெச்சுச் செஞ்சதா நினைச்சுக்கட்டும்."

அப்படித்தான் நினைத்தது ஊர். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு சர்ச்சுக்குள் நுழைந்தபோது பெஞ்சு பெஞ்சாக மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. சம்பந்திகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாதிரியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராவ்னா அழகாக இருந்தாள், எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் ஊரில் பாதிப் பேர் வெற்று நீலம் விட்டுத் தைத்தார்கள், என்னிடம் பச்சை ரிப்பன் தீர்ந்துபோய்விட்டது. இப்போது அது பழைய பாணி. அதனால்தான் எழுதிக்கொள் என்று இரண்டு பேரும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பாக்கெட்டைப் பார்த்த நொடியில் ரிஸ்தென் எடுத்த அந்தப் படம் இரண்டு வீட்டிலும் தொங்குகிறது. பக்கவாட்டில் எதையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிற இரண்டு பெண்கள். எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், மணமகளை என்பார்கள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, மந்தைக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீபெக்கேக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். நான் கொட்டகைக்குப் போனபோது ரிஸ்தென் உள்ளே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததற்கும் இந்த அழுகைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை.

"என்ன ஆச்சுடி? யாரு என்ன சொன்னாங்க?"

"அன்னைக்குப் படம் எடுத்துட்டுப் போகும்போது மாரெத் பெரியம்மா என் காதுல சொன்னாங்க. 'அடுத்த ஈஸ்டருக்கு முதல் ஆளா எனக்கு எடுக்கணும், காரெனுக்கு முன்னாடி'ன்னு."

"சரி."

"பின்னாடியே காரென் அத்தை வந்து அதையே சொன்னாங்க. 'மாரெத்துக்கு முன்னாடி எனக்கு'ன்னு."

"இதுக்கா அழற? ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லு, பழக்கம்தானே உனக்கு."

அவள் தலையை ஆட்டினாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பனியின் வெளிச்சம் அவள் முகத்தில் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"அது இல்லக்கா. அடுத்த வருஷம் நான் இங்கதான் இருப்பேன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க," என்றாள். "என்னை ஒரு வார்த்தைகூடக் கேக்கல."